முதுகுத் தையல்

ஓடைமேட்டு அரியமுத்து ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் தோலைக் கழற்றி, ஓடைக்கரை மோட்டார் கொட்டகையின் கல்தூணில் விட்டுவிட்டுப் போய்விட்டார். தோல் முழுசாக இருந்தது. கையும் காலும் தூணைக் கட்டிக்கொண்டிருந்தன, இடுப்பில் லுங்கி இருந்தது, காதில் சொருகிய பீடிகூடக் கீழே விழவில்லை. முதுகில் மட்டும் பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் அவரைக்காய் வெடித்த மாதிரி ஒரு பிளவு. உள்ளே ஆள் இல்லை. ஆடு ஓட்டி வந்தவர்கள் முதலில், என்னாங்க இங்க நிக்கிறீங்க என்று மரியாதையாகக் கேட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லையே என்று ஒருவன் தோளைத் தொட்டான். வெங்காயச் சருகு மாதிரி அது சலசலத்தது. தொட்டவன் ஆட்டையும் விட்டுவிட்டு ஓடி, ஊருக்குள் வந்துதான் மூச்சு விட்டான். அன்றைக்கே அந்தத் தோலைப் பாடை கட்டித் தூக்கிக்கொண்டு போய் எரித்தார்கள். எரிக்க என்ன இருந்தது, தீக்குச்சி கிழித்ததும் பொசுக்கென்று முடிந்துவிட்டது. ஆனாலும் காரியம் குறையில்லாமல் நடந்தது. அவர் பெண்டாட்டி பூமாலையின் தாலியை அறுத்து வாங்கினார்கள். அவள் வாய்விட்டு அழவில்லை என்று நாலு பேர் குறை சொன்னார்கள்.

பெரம்பலூரிலிருந்து லாடபுரம் போகிற பஸ்ஸில் ஏறி, பச்சைமலை கிட்டே தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கி நடந்தால் ஓடைமேடு. மலையிலிருந்து இறங்குகிற கருவோடைக்கு இரண்டு கரையிலும் நீர்மருதும் நாவலும் புங்கையும் கூரை போட்டாற்போல நின்ற காலம் ஒன்று உண்டு. அந்த நிழலில்தான் ஊசித்தட்டான்கள் இருந்தன. மற்ற தட்டான் மாதிரி றெக்கையை அகல விரித்துக்கொண்டு உட்காருகிற ஜாதி இல்லை அது. ஒல்லியாக, ஊசி மாதிரி, றெக்கையை முதுகின்மேல் சேர்த்து நிமிர்த்திக்கொண்டு பாறையில் குந்தியிருக்கும். மூடியிருந்தால் கரிக்குச்சி. பிரித்தால் ஒரு பச்சை வரும் பாருங்கள், பட்டுப்புடவைக் கடையில்கூட அப்படி ஒரு பச்சை கிடையாது. ஊசித்தட்டான் நிற்கிற தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம் என்பது ஊர்க் கணக்கு. கொரோனா முடிந்த மறுவருஷம், மேலே ஜல்லி உடைக்கிற இடத்துக்கு லாரி போக வழி வேண்டுமென்று யாரோ வந்து மரங்களை வெட்டினார்கள். ஊரும் ஒன்றும் யோக்கியமில்லை, வெட்டிய கிளைகளை அவரவர் வூட்டுக்கு விறகுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. அடுத்த கோடையில் ஒரு ஊசித்தட்டானும் ஓடைக்கு வரவில்லை. அதற்கடுத்த கோடையிலும் வரவில்லை. தண்ணீருக்குள் கிடந்து வளர்ந்து, தண்டில் ஏறித் தோலை உரித்துக்கொண்டு பறந்து போக அங்கே எதுவும் இல்லாமல் போயிற்று. அதற்காக யாரும் சோறு தின்னாமல் இருக்கவில்லை. மூன்றாவது கோடை முடிந்து ஆடி பிறந்ததும் ஓடை ஆட்களை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது.

அரியமுத்துக்குப் பிறகு ஊருக்குப் பிடித்த பயம் இருக்கிறதே, அது சொல்லி முடியாது. ஓடையில் குளிப்பது நின்றது. வெயில் கொளுத்துகிற ஆவணியில் ஆம்பளைகள் பனியனுக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் துண்டு என்று முதுகை மூடிக்கொண்டு வியர்வையில் ஊறினார்கள். புருஷன் பெண்டாட்டி முதுகையும் பெண்டாட்டி புருஷன் முதுகையும் தினம் காலையில் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சண்டை போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் பேசாமலிருந்த இரண்டு ஜோடிகள் இந்த விஷயத்தில் ராசியானார்கள், அது ஒன்றுதான் லாபம்.

சம்பூர்ணம் அந்த ஊரில் ஜாக்கெட் தைக்கிறவள். கால் மெஷின் ஒன்றை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு சுற்றுப்பட்டு நாலு ஊருக்கும் தைத்தாள். அளவு ஜாக்கெட் இல்லாமல் துணியைத் தொட மாட்டாள். டேப் வைத்து எடுக்கிற அளவில் அவளுக்கு நம்பிக்கை இல்லை, உடம்பு ஒரு தடவை போட்டுப் பழகிய துணிதான் பொய் சொல்லாது என்பாள். தைத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, கையிடுக்குல புடிக்குதுக்கா என்று யாராவது முகத்தைச் சுளித்தால், தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரே பதில்தான் சொல்வாள்: "உள்ள துணி வுட்டிருக்கேன். பிரிச்சுக்கலாம்." அவள் புருஷன் அங்கமுத்து அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வெளேரென்று புழுதியோடு வந்து இறங்குவான். இரண்டு பேருக்கும் ஒரே மகள், வெற்றிச்செல்வி. பெரம்பலூரில் காலேஜ் போய்க்கொண்டிருந்தாள். சின்ன வயசிலிருந்து தண்ணீரைக் கண்டால் எருமை மாதிரி இறங்கிவிடுவாள், கூப்பிட்டால் வர மாட்டாள். கரையில் நின்று சம்பூர்ணம் போட்ட கூச்சலில் பாதி அந்த ஓடைக்குள்தான் கிடக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறபோது சம்பூர்ணத்தின் கட்டைவிரலில் ஒரு கோடு தட்டுப்பட்டது. பிடரிக்குக் கீழே, முதுகெலும்பின் மேலேயே, நூல் பிடித்த மாதிரி நேராக. ரத்தம் இல்லை, புண் இல்லை. இரண்டு துணியை வைத்து உள்தையல் போட்டுத் திருப்பினால் வெளியே தெரியுமே ஒரு கோடு, அச்சாக அதே. தையற்காரிக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, தேய்க்கிறத நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்லடி. எண்ண ஆறிப்போச்சு."

டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா லைட் அடித்து, கண்ணாடி மாற்றி, ரொம்ப நேரம் பார்த்தார். "இது காயம் இல்லம்மா. என்னான்னு எனக்குத் தெரியல. தெரியாதத நான் தொட மாட்டேன், நீங்களும் தொடாதீங்க" என்றார். நேர்மையான மனுஷி. ஆனால் பெற்றவள் காதில் அதில் பாதிதான் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை அங்கமுத்து வந்தான், மகள் முதுகைப் பார்த்தான், குடித்திருந்ததெல்லாம் இறங்கிப்போனது. ஓடையே இல்லாத ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் சரியாகிவிடும் என்று ஆண்டிமடத்தில் தன் தங்கை வூட்டில் கொண்டுபோய் விட்டான். அங்கே சுற்றிச் செம்மண்ணும் முந்திரித் தோப்பும்தான், கண்ணுக்கெட்டியவரை ஈரமே கிடையாது. வெற்றிச்செல்வி அங்கே போன நாளிலிருந்து தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். குடம் குடமாகக் குடித்தாள். உதடு வெடித்தது, கை கால் எல்லாம் சருகு மாதிரி உரச நடந்தாள், ராத்திரி புரண்டு படுத்தால் பக்கத்தில் படுத்தவர்களுக்குச் சத்தம் கேட்டது. கோடு மட்டும் நிற்காமல் இறங்கி இடுப்பைத் தொட்டது. அண்ணே, எம்புள்ளைவோ பயப்புடுதுங்க, கூட்டிட்டுப் போயிருங்க என்று தங்கைக்காரி அழுதுகொண்டே போன் போட்டாள்.

திரும்பி வந்த மகளைப் பார்த்ததும் சம்பூர்ணத்துக்கு ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது. கல்தூணில் நின்றதே அந்த வெறும் தோல், அதில் நாளைக்குத் தன் மகள் முகம் இருக்கும். கண் இருக்கிற இடத்தில் ஓட்டை இருக்கும். அவளால் அதைத் தாங்க முடியாது. கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள், எதுவும் நிற்கவில்லை. கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பிளவைப் பார்த்து அழுதிருப்பார்கள். தைக்கத் தெரிந்தவளுக்குப் பிரிகிறது கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? பகல் சோறு முடிந்ததும் மகளைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, பட்டன் கட்டுகிற ஊசியில் நைலான் நூலை இரட்டையாகக் கோத்து, பிடரியிலிருந்து ஆரம்பித்தாள். நெருக்கி நெருக்கிப் போட்டாள். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா. யாருக்கோ தைக்கிற மாதிரி இருக்கு."

இடுப்பு வரைக்கும் தைத்து முடிச்சுப் போட்டு, குனிந்து, மகளின் முதுகோடு வாயை வைத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். தையல் நல்ல தையல். அவள் கையில் தைத்தது எதுவும் தானாகப் பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. புரட்டாசி பிறந்ததும் வெற்றிச்செல்விக்குத் தோல் போதாமல் போக ஆரம்பித்தது. முகம் ஊதவில்லை, கை கால் வீங்கவில்லை. ஆனால் உள்ளே ஒரு ஆள் அதிகமாக நிற்கிற மாதிரி எல்லாப் பக்கமும் விறைத்தது. விரலை மடக்க முடியவில்லை. கண்ணை முழுசாக மூட முடியவில்லை. வெயிலில் உட்கார வைத்தால் காது மடலும் கழுத்தும் ஊடுருவித் தெரிந்தன, அந்தத் தோலுக்குக் கீழே ஏதோ பச்சையாக அசைந்தது. மூச்சை மேலே இழுத்தால் பாதியில் நின்றது. சம்பூர்ணம் விசிறிக்கொண்டே இருந்தாள். அங்கமுத்து வேலைக்குப் போகாமல் வாசலிலேயே கிடந்தான். ஒரு காலையில், வெயில் ஏறுகிற நேரம், வெற்றிச்செல்வி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்:

"அம்மா... புடிக்குதும்மா."

சம்பூர்ணம் எத்தனை ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை அது. பதில் நாக்கு நுனி வரைக்கும் தன்னாலே வந்தது, வந்து அங்கேயே நின்றுவிட்டது. இந்தத் துணிக்குள் அவள் எதையும் விட்டு வைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பூமாலை உள்ளே வந்தாள், தாலி அறுத்த அரியமுத்து பெண்டாட்டி. தெருவுக்கே கேட்ட மூச்சுச் சத்தம் அவளைக் கொண்டுவந்துவிட்டது. கட்டில் பக்கத்தில் நின்று அந்தத் தையலைப் பார்த்தவள், மாரில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா, என்னா காரியம் பண்ணி வெச்சிருக்க! பிரிச்சு வுடு அக்கா, மொதல்ல பிரிச்சு வுடு."

"பிரிச்சா உம்புருஷன் மாதிரி செத்துப் போவாடி."

"அவரு எங்க செத்தாரு?" என்றாள் பூமாலை. பிறகு தரையில் உட்கார்ந்து, இத்தனை நாளும் தொண்டையில் வைத்திருந்ததைக் கொட்டினாள். அரியமுத்து மலையடிவாரத்தில், வெட்டாமல் மிஞ்சி நிற்கிற நாலு மருத மரத்துக்குக் கீழே இருக்கிறார். நடு ஓடைப் பாறையில் றெக்கையைச் சேர்த்து நிமிர்த்திக்கொண்டு குந்தியிருக்கிறார். சோறு கொண்டு போனால் தின்பதில்லை, கொசுவைப் பிடித்துத் தின்கிறார். பேச மாட்டார், ஆனால் பெண்டாட்டியைத் தெரிகிறது. போன வாரம் அவள் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றினார். "காரியம் பண்ணி, தாலிய அறுத்து, மொய் எழுதி முடிச்சப்புறம் போயி எம்புருஷன் பறக்குறாருன்னு எந்த வாயால சொல்றது? பைத்தியம்பாங்க. இல்லன்னா வேட்டத் துப்பாக்கி எடுத்துக்கிட்டுப் போவாங்க. அதான் மூடிக்கிட்டு இருந்தேன்."

இப்போது சம்பூர்ணத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதால் பயம் குறைந்ததா என்றால் இல்லை, இரண்டாகப் பெருகியது. பிரித்தால் மகள் போய்விடுவாள். பிரிக்காவிட்டால் தன் கையால் தைத்த தையலுக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடுவாள். நடுவில் வேறு வழி இல்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், செத்தாலும் என் வூட்டில் என் மடியில் சாகட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயந்துபோய்த் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். மெஷின் பெட்டியைத் திறந்து, தையல் பிரிக்கிற பாதி பிளேடை எடுத்தாள்.

கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் அங்கமுத்து, பின்னால் இரண்டு பெண்கள். ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. ஓடைக்கரையில் இறக்கிவிட்டதும் வெற்றிச்செல்வி யார் தயவும் இல்லாமல் தவழ்ந்து போய் அதே கல்தூணைக் கட்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு ஏறி, அப்படியே நின்றாள். சம்பூர்ணம் கட்டிலை நிமிர்த்திச் சாத்தி அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள். ஒரு ஜாக்கெட்டைப் பிரிக்கிறபோது துணியில் கீறல் விழுந்தால் போகிறது, வேறு துணி வாங்கிக் கொடுத்துவிடலாம். இங்கே தோலுக்கு அடியில் மகள் இருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாக அறுத்தாள், அறுத்த நூலை நகத்தால் உருவினாள். பாதி முதுகு வந்தபோதே உள்ளிருந்து ஒரு உந்தல். மிச்சத் தையல் படபடவென்று தானே தெறித்தது. தோல் பிளந்தது.

முதலில் முதுகு வந்தது, பிறகு தலை, பிறகு கைகள். பால் மாதிரி வெளுத்து, ஈரமாக, ஒடித்தால் ஒடிந்துவிடும் போல இருந்தாள். தோளுக்குப் பின்னால் தோய்த்துப் பிழிந்த துணி மாதிரி சுருங்கி ஒட்டிக்கிடந்தது மெல்ல மெல்லச் சுருக்கம் விட்டு நீண்டது. சம்பூர்ணம் கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை. அவள் கண் முழுக்கக் காக்கா மேல் இருந்தது. எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ, கரைந்துகொண்டு வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டன. தூணின் அடியில் எறும்பு சாரை பிடித்து ஏறியது. ஒன்று கொத்தினாலும் ஒன்று கடித்தாலும் அந்தப் பிஞ்சு உடம்பு தாங்காது. அங்கமுத்து எதிர்க்கரையில் நின்று ஓவென்று அழுதுகொண்டே மண்ணாங்கட்டியை எடுத்து எடுத்து எறிந்தான். பூமாலை ஓடைத் தண்ணீரை வாரி வாரித் தூணைச் சுற்றி ஊற்றினாள். சம்பூர்ணம் முந்தானையை அவிழ்த்து மகளுக்கு மேலே விசிறிக்கொண்டு, வெயில் உச்சிக்கு வருகிற வரைக்கும் கையை இறக்கவில்லை. அன்றைக்கு இறங்காத அந்தத் தோள்பட்டை இன்றைக்கும் வலிக்கிறது என்பாள்.

உச்சி வெயிலில் உடம்பு காய்ந்து நிறம் ஏறியது. வெற்றிச்செல்வி றெக்கையைப் பிரித்தாள். பிரித்ததும் அந்தப் பச்சை ஓடை முழுக்க விழுந்தது, காக்காய்கள் எழுந்து போய்விட்டன. அவள் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். பெரிய கண்கள், இரண்டு பக்கமும் ஒதுங்கி, எங்கே பார்க்கிறாள் என்றே சொல்ல முடியாத கண்கள். அதில் அடையாளம் தெரிந்ததற்கான ஒரு சின்ன அசைவும் இல்லை. பிறகு தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, நேராக, மலைப் பக்கம் போய்விட்டாள். தூணில் தோல் மட்டும் நின்றது, முதுகின் இரண்டு ஓரத்திலும் ஊசி போன ஓட்டைகளோடு.

எரித்துவிடலாம் என்று ஊர்க்காரர்கள் வந்தார்கள். அங்கமுத்துவும் தலையாட்டினான். சம்பூர்ணம் ஒருத்தரையும் கிட்டே விடவில்லை. தோலைத் தூணிலிருந்து அலுங்காமல் எடுத்து, தட்டி, நாலாக மடித்து, பீரோவில் வைத்தாள். அன்றிலிருந்து அவள் பயந்த பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: பெற்றவளை அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாமலே போய்விட்டால்? தைத்து வைத்துக் கொல்லப் பார்த்தவள் என்பது மட்டும் ஞாபகம் இருந்துவிட்டால்? மெஷினில் உட்கார்ந்தால் கால் மிதிக்கும், கண் ஜன்னலில் இருக்கும். வந்த துணியெல்லாம் கோணலாகப் போனது. ஆனாலும் பச்சையில் ஒரு ஜாக்கெட் பிட்டு வாங்கி வைத்திருந்தாள். ஒருநாள் அதை எடுத்து விரித்துக்கொண்டு, பீரோவிலிருந்து தோலை எடுத்தாள். அளவு ஜாக்கெட் இல்லாமல் தைத்து அவளுக்குப் பழக்கம் இல்லை. அந்தத் தோலையே அளவு வைத்து வெட்டி, முதுகில் தோளுக்குக் கீழே றெக்கைக்கென்று நெட்டுக்குத்தாக இரண்டு வாய் விட்டு, ஓரம் பிரியாமல் கைத்தையல் போட்டு முடித்து, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு வெயில் நாளில் ஜன்னலில் பச்சையாக ஏதோ விழுந்தது. நிமிர்ந்தால் வெற்றிச்செல்வி உள்ளே வந்து மெஷின் பலகை மேல் குந்தியிருக்கிறாள், றெக்கை இரண்டையும் சேர்த்து நிமிர்த்திக்கொண்டு. சம்பூர்ணத்துக்குக் கூப்பிடவும் பயம், அசையவும் பயம். ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள். மகள் அதில் கையை விட்டாள். றெக்கைகள் இரண்டு வாயிலும் சரியாக நுழைந்தன. ஆனால் கொக்கி மாட்டவில்லை, ஏனென்றால் அந்தத் தோலிலிருந்து வெளியே வந்தவள் அந்தத் தோலைவிடப் பெரியவள். வெற்றிச்செல்வி முகத்தைச் சுளித்தாள். பறந்து போன அரியமுத்து பேசியதே இல்லை. இவள் பேசினாள்.

"கையிடுக்குல புடிக்குதும்மா."

சம்பூர்ணம் ஓவென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, தலையை நிமிர்த்தாமல், "உள்ள துணி வுட்டிருக்கேன் சாமி, பிரிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பாதி பிளேடைத் தேடினாள்.

கருவோடையின் இரண்டு கரையிலும் இப்போது மருதங்கன்றும் நாவல்கன்றும் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், றெக்கை உள்ளவர்களுக்கு நிழல் வேண்டுமே. லாரிக்காரர்கள் அந்த வழியில் வருவதை நிறுத்திவிட்டார்கள். பூமாலை மறுபடியும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, காலையில் முதுகு பார்க்கிற வழக்கம் எல்லா வூட்டிலும் இருக்கிறது. கோடு தெரிந்தால் சம்பூர்ணத்திடம் வந்து துணி கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அவளும் வாங்கி வைத்துக்கொள்கிறாள். போன வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்ட பூமாலையின் கட்டைவிரல் சம்பூர்ணத்தின் பிடரிக்குக் கீழே நின்றது. என்னாடி என்று இவள் கேட்டாள், ஒண்ணுமில்லக்கா, எண்ண ஆறிப்போச்சு என்று அவள் சொன்னாள். அன்று மத்தியானமே சம்பூர்ணம் தன் அளவுக்கும் ஒன்று, முதுகில் இரண்டு வாயோடு, தைத்து ஆணியில் மாட்டிவிட்டாள். அதில் உள்ளே நிறையவே துணி விட்டிருக்கிறது.